எல்டன் ரிங்கா, டார்க் சோல்ஸா, செகிரோவா? கடினமான கேம்களில் புதியவர் எங்கே தொடங்குவது

"அண்ணை, எல்லாரும் நல்லம் எண்டு சொன்னாங்கள், வாங்கினன். முதலாவது பொஸ்ஸையே கடக்கேலாமல் கிடக்கு. பிழையான கேமை எடுத்துப்போட்டனோ?"

யாழ்ப்பாணத்தில் கேம் விளையாடுகிறவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கேள்வி வரும். (பொஸ் என்பது வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரி.) வரும் பதில்களும் ஒன்றோடொன்று முட்டும். "டார்க் சோல்ஸ் ஒன்றிலிருந்து வரிசையாக வா" என்பார் ஒருவர். "செகிரோதான் உண்மையான கேம்" என்பார் இன்னொருவர். "உதெல்லாம் சரிவராது, ஃபிஃபாவை விளையாடு" என்று மூன்றாமவர் கதையை முடித்துவிடுவார்.

2025ஆம் ஆண்டு குழப்பத்தை இன்னும் கூட்டியது. மே மாதம் 'எல்டன் ரிங் நைட்ரெய்ன்' வந்தது. பெயரைப் பார்த்தால் அதுதான் எல்டன் ரிங் என்று எவரும் நினைக்கலாம். ஜூனில் 'லைஸ் ஒஃப் பீ' கஷ்டத்தின் அளவை நாமே தெரிவுசெய்யும் வசதியைச் சேர்த்தது. செப்டெம்பரில் 'ஹொலோ நைட்: சில்க்சோங்' வெளியானதும், கேம் இவ்வளவு கஷ்டமாக இருக்கத்தான் வேண்டுமா என்ற பழைய வாக்குவாதம் மறுபடி கிளம்பியது. அடியிலிருந்தே பார்த்துவிடுவோம்.

## இந்த வகை எங்கிருந்து வந்தது

எல்லாம் தோக்கியோவில் உள்ள ஃப்ரொம்சொஃப்ட்வெயர் என்ற நிறுவனத்திலிருந்து தொடங்குகிறது. 1994இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு 'கிங்ஸ் ஃபீல்ட்' என்ற இருண்ட, மெதுவான கேமை அவர்கள் செய்தார்கள். 2009இல் ஹிடேட்டாக்கா மியாசாக்கியின் இயக்கத்தில் 'டீமன்ஸ் சோல்ஸ்' பிளேஸ்டேஷன் 3க்கு வந்தது. 2011இல் 'டார்க் சோல்ஸ்' வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதன் பின் டார்க் சோல்ஸ் 2 (2014), 'ப்ளட்போர்ன்' (2015), டார்க் சோல்ஸ் 3 (2016), 'செகிரோ' (2019), 'எல்டன் ரிங்' (2022) என்று வரிசை நீண்டது. எல்டன் ரிங் மட்டும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

இவற்றின் விதிகளைப் பின்பற்றி மற்ற நிறுவனங்கள் செய்தவற்றையும் சேர்த்து 'சோல்ஸ்லைக்' என்கிறார்கள். ஜப்பானிய 'நியோ', தென்கொரிய லைஸ் ஒஃப் பீ எல்லாம் இந்தக் குடும்பம். சீனத்து 'பிளாக் மித்: வூகோங்' தூரத்துச் சொந்தம்.

கதைத் தொடர்ச்சிக்காக முதலாவதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. டார்க் சோல்ஸ் மூன்றும் ஒரே உலகம்தான், ஆனால் ஒன்றை விளையாடாமல் மற்றது விளங்காது என்றில்லை. உண்மையைச் சொன்னால், வரிசையாக விளையாடினாலும் முதல் தடவையில் கதை பெரிதாக விளங்காது. ப்ளட்போர்ன், செகிரோ, எல்டன் ரிங் ஒவ்வொன்றும் தனித்தனி உலகம்.

## தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

1. ஓய்விடம். டார்க் சோல்ஸில் தீமூட்டம், எல்டன் ரிங்கில் 'கிரேஸ்' என்ற பொன்னொளி. அங்கே இருந்தால் உயிர் நிரம்பும், மருந்துப் போத்தல் நிரம்பும். ஆனால் நீங்கள் கொன்ற சாதாரண எதிரிகளும் எழும்பிவிடுவார்கள்.

2. செத்தால் இழப்பு. எதிரியைக் கொன்றால் கிடைப்பதுதான் காசும் அனுபவமும். செத்தால் அது முழுவதும் செத்த இடத்தில் விழும். திரும்பிப் போய் எடுக்கலாம். போகும் வழியில் மறுபடி செத்தால் போனது போனதுதான். செகிரோ வேறு மாதிரி: அங்கே பாதி போய்விடும், போய்ப் பொறுக்கவும் ஏலாது. பிளாக் மித்தில் செத்தாலும் சேர்த்தது கையில்தான் இருக்கும்.

3. களைப்புப் பட்டை. வெட்ட, ஓட, உருள, கேடயத்தில் அடி தாங்க எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைப் பட்டை. அதை முழுவதும் வெட்டுவதிலேயே செலவழித்தால் தப்ப மிச்சம் இருக்காது. "இன்னும் ஒரு வெட்டு" என்ற பேராசைதான் புதியவரின் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம்.

4. தொடங்கிய அசைவை முடிக்க வேண்டும். வாளை ஓங்கிவிட்டால் இடையில் நிறுத்த முடியாது. அதோடு, அசைவு நடக்கும்போது நீங்கள் அழுத்தும் பொத்தானைக் கேம் நினைவில் வைத்து அடுத்ததாகச் செய்யும். பயத்தில் உருளும் பொத்தானை இரண்டு மூன்று தரம் அடித்தால், தேவையில்லாத இரண்டாவது உருளலும் நடக்கும். அடி விழுவது அதன் முடிவில்தான்.

5. உருளும்போது அடிபடாத கணம். உருளலின் முதற்பகுதியில் ஒரு சிறு நேரம் எந்த ஆயுதமும் உங்களைத் தொடாது. எனவே பின்னுக்கு ஓடுவதைவிட, அடி இறங்கும் நேரம் பார்த்து அதற்குள்ளேயே உருளுவது பாதுகாப்பானது. எல்டன் ரிங்கில் உருளல் நடப்பது பொத்தானை அழுத்தும்போது அல்ல, விடும்போது. அதே பொத்தானைப் பிடித்திருந்தால் ஓட்டம் என்பதால் இந்த ஏற்பாடு. அமர்த்திப் பிடித்துக்கொண்டு "நான் நேரத்துக்கு அழுத்தினேன்தானே" என்று கத்துகிறவர்களுக்கு இதுதான் பதில்.

6. நிறுத்திவைக்க முடியாது. டார்க் சோல்ஸிலும் எல்டன் ரிங்கிலும் மெனுவைத் திறந்தாலும் எதிரி நிற்க மாட்டான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் ஓய்விடம்வரை ஓடத்தான் வேண்டும். செகிரோவில் நிறுத்தலாம்.

## கஷ்டம் எங்கே இருக்கிறது

கை வேகம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பொத்தானை ஆயிரம் தரம் தட்டும் கேம் அல்ல இது. எல்டன் ரிங்கில் அநேகமானோர் மாட்டும் இடம் ஸ்டோர்ம்வெயில் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற பொஸ். அவனுடைய ஓர் அடியை மட்டும் பார்ப்போம். கைத்தடியைத் தலைக்கு மேலே உயர்த்துகிறான். உயர்த்தியதும் அடி வரும் என்று மனம் சொல்கிறது, நீங்கள் உருளுகிறீர்கள். அவனோ தடியை மேலேயே பிடித்தபடி நிற்கிறான். நீங்கள் உருண்டு எழும்பும் தறுவாயில் தடி இறங்குகிறது. மென்பந்து கிரிக்கெட்டில் அதே கை வீச்சோடு மெதுவான பந்தைப் போட்டு ஏமாற்றும் பந்துவீச்சாளரின் வேலைதான் இது: ஓங்குதலை நம்பி மட்டையைச் சுழற்றினால் அவுட், பந்து கையை விடும் கணத்தைப் பார்த்தால் அடிக்கலாம். மார்கிட்டின் தோளைப் பார்க்காமல் தடி கீழே திரும்பும் கணத்தைப் பாருங்கள். ஒரு பத்துத் தரம் செத்த பிறகு அந்த ஓர் அடி பயமில்லாததாகிவிடும். அவனிடம் இருப்பது அப்படி எண்ணி முடிக்கக்கூடிய அடிகள்தான். பொஸ் என்பது அந்தப் பட்டியலைப் படிப்பதுதான்.

கஷ்டத்தில் ஒரு பங்கு கேமுடையதே அல்ல, தொலைக்காட்சியுடையது. ஒரு செக்கனுக்கு 60 படங்கள் ஓடும் கேமில் ஒரு படத்தின் நேரம் ஏறத்தாழ 17 மில்லிசெக்கன். படத்தை மெருகேற்றும் வசதிகள் போட்டிருக்கும் தொலைக்காட்சி சில வேளை 100 மில்லிசெக்கன் பிந்தியே காட்டும். அதாவது நீங்கள் பார்ப்பது ஆறு படத்துக்கு முந்திய செய்தி. விறாந்தையில் உள்ள பெரிய தொலைக்காட்சியில் விளையாடுகிறவர்கள், அதன் அமைப்பில் 'கேம் மோட்' என்று இருப்பதைப் போட்டுவிட்டுத்தான் தங்கள் கையைக் குறை சொல்ல வேண்டும்.

## மாட்டினால் எத்தனை வழி உண்டு

எது அதிகக் கஷ்டம் என்று வரிசைப்படுத்துவதால் புதியவருக்குப் பயன் குறைவு. ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடம் கஷ்டமாக இருக்கும். ஓரிடத்தில் மாட்டினால் அந்தக் கேம் எத்தனை வழி விட்டுவைத்திருக்கிறது என்று எண்ணிப்பார்த்தால் தெரிவு எளிதாகிவிடும். வழிகள் ஐந்து:

1. அந்த எதிரியை விட்டுவிட்டு வேறிடம் போதல்.
2. லெவலையும் ஆயுதத்தையும் உயர்த்திக்கொண்டு வருதல்.
3. துணைக்கு ஆளையோ ஆவியையோ அழைத்தல்.
4. சண்டை முறையையே மாற்றுதல்: வாளை விட்டு மாயம், பெரிய கேடயம், அம்பு.
5. அமைப்பில் போய்க் கஷ்டத்தைக் குறைத்தல்.

எல்டன் ரிங்கில் முதல் நான்கும் திறந்திருக்கின்றன, ஐந்தாவது மட்டும் இல்லை. செகிரோவில் முதலாவது கொஞ்சம் உண்டு, மற்றவை ஏறக்குறைய அடைபட்டிருக்கின்றன. 'ஸ்டார் வோர்ஸ் ஜெடை: ஃபோலன் ஓர்டர்' ஐந்தாவதை மெனுவிலேயே வைத்திருக்கிறது. இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேம்களுக்குப் போவோம்.

## கேம் கேமாக

எல்டன் ரிங். பெயர்போன கஷ்டம், ஆனால் ஃப்ரொம்சொஃப்ட்வெயர் செய்ததில் புதியவருக்கு மிக இரக்கமானது. திறந்த உலகம் என்பதால் மார்கிட்டிடம் தோற்றால் குதிரையில் ஏறித் தெற்கே போய் வேறு வேலை பார்க்கலாம். ஆவிகளை அழைத்து எதிரியின் கவனத்தைத் திருப்பலாம். மாயம் பாவிக்கிறவர் தூரத்தில் நின்றே பாதிச் சண்டையை முடிக்கலாம். குறையும் உண்டு: எங்கே போவது என்று கேம் ஒழுங்காகச் சொல்லாது. முக்கியக் கதை மட்டுமே 50, 60 மணிநேரம் இழுக்கும். ஏ.எல். பரீட்சை கிட்டத்தில் வைத்திருப்பவர்கள் இதைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'ஷடோ ஒஃப் தி எர்ட்ட்ரீ' (2024) தனிக் கேம் அல்ல, மேலதிகப் பகுதி. மூலக் கேம் வேண்டும், அதில் ராடான், மோக் என்ற இரு பெரிய பொஸ்களையும் வென்றிருக்க வேண்டும். நைட்ரெய்ன் தனிக் கேம்தான், ஆனால் மூன்று பேர் இணையத்தில் சேர்ந்து வேகமாக ஓடி முடிக்கும் வகை. தனியாகவும் ஆடலாம் என்றாலும் முதல் கேமாக அதை எடுப்பது பிழை. ஆறுதலாக நின்று பழக அது நேரம் தராது.

டார்க் சோல்ஸ் ரிமாஸ்டர்ட் (2018). வேகம் குறைவு. நல்ல கேடயம் இருந்தால் பெரும்பாலான அடிகளைத் தாங்கலாம். ஒரு பாதை இன்னொரு பாதையோடு சுற்றி வந்து இணையும் அதன் உலக அமைப்பை இன்றுவரை எவரும் மிஞ்சவில்லை என்பது என் கணிப்பு. ஆனால் பாதிக் கேம்வரை ஓய்விடத்திலிருந்து ஓய்விடத்துக்குத் தாவ முடியாது, நடக்கத்தான் வேண்டும். பொஸ்ஸிடம் செத்தால் அங்கே திரும்பிப் போகும் தூரமும் பெரிது. தொடக்க இடமான ஃபயர்லிங்க் கோயிலுக்குப் பக்கத்திலேயே சுடுகாடு இருக்கிறது. அங்கே எலும்புக்கூடுகள் இரண்டு அடியில் கொன்றால், உங்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை, பாதை பிழை. படியேறி மேலே போக வேண்டும்.

செகிரோ. 2019இன் 'த கேம் அவோட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது பெற்றது. வாள் சண்டையில் இதற்கு நிகரில்லை. உருண்டு தப்புவதல்ல, எதிரியின் வாளைச் சரியான கணத்தில் தட்டிவிட்டு அவன் நிலைகுலையும்வரை விடாமல் முட்டுவதுதான் முறை. லெவல் ஏற்றிப் பலம் கூட்ட வழியில்லை, ஆயுதத் தெரிவில்லை, துணைக்கு எவரும் வரமாட்டார். பழகினால்தான் போகலாம். மற்ற சோல்ஸ் கேம்களில் படித்த உருளல் பழக்கம் இங்கே தடையாகவும் இருக்கும், அதனால் ஒன்றுமே விளையாடாதவருக்கு ஒரு சிறு அனுகூலம் உண்டு. என்றாலும் முதல் கேமாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

லைஸ் ஒஃப் பீ (2023). பினோக்கியோ கதையை இருட்டாக்கிச் செய்தது. பாதை நேரானது, தொலைய மாட்டீர்கள். பொஸ்ஸுக்கு முன் துணை ஒன்றை அழைக்கலாம். பொஸ்ஸிடம் செத்தால் விழுந்த பொருள் அறைக்கு வெளியே கிடக்கும், பிழைத்து எடுக்கலாம். 2025 ஜூனிலிருந்து கஷ்டத்தைக் குறைக்கும் தெரிவுகளும் உண்டு. 30 மணிநேரம் அளவில் முடிந்துவிடும். இதுபற்றி 2023இல் எழுதப்பட்ட "புதியவருக்கு ஆகாது" என்ற அறிவுரைகள் இப்போது காலாவதி.

ப்ளட்போர்ன் அழகான கேம், பிளேஸ்டேஷனில் மட்டும்தான். அடிவாங்கிய உடனே திருப்பி அடித்தால் இழந்த உயிரில் ஒரு பங்கு திரும்ப வரும், அதனால் முன்னேறிச் சண்டைபிடிக்கத் தூண்டும். ஆனால் மருந்து ஓய்விடத்தில் நிரம்பாது. மாட்டுகிறவர் மருந்து சேர்க்கவே மணிக்கணக்கில் சுற்ற வேண்டிவரும். நியோ சண்டை நுணுக்கம் மிகுந்தது. ஆயுதம் பிடிக்க மூன்று நிலை, எண்ணற்ற ஆயுதப் பொறுக்கல். இரண்டாவது, மூன்றாவது கேமாக வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் மித் பார்வைக்குப் பெரு விருந்து. இழப்புப் பயம் இல்லை, திறமைப் புள்ளிகளை விரும்பியபடி மாற்றலாம், கஷ்டத் தெரிவு மட்டும் இல்லை.

அனதர் க்ராப்ஸ் ட்ரெஷர் (2024) என்ற நண்டுக் கேமைப் பலர் கவனிப்பதில்லை. உதவித் தெரிவுகள் நிறைய. ஒரு தெரிவில் நண்டின் கையில் துப்பாக்கியே கொடுத்துவிடுவார்கள், பொஸ் ஒரே சூட்டில் விழும். சின்னப் பிள்ளைகளோடு இருந்து விளையாட இதைவிட நல்லது இந்த வகையில் இல்லை.

## கணினியும் கணக்கும்

ஆசைப்பட்ட கேமைவிட ஓடும் கேம்தான் முதல் கேம். கணினியில் எல்டன் ரிங்குக்குக் குறைந்தது 12 ஜிபி ரேம், ஜீடிஎக்ஸ் 1060 போன்ற கிராஃபிக்ஸ் கார்ட், 60 ஜிபி இடம் வேண்டும். பிளாக் மித்துக்கு 16 ஜிபி ரேமும் 130 ஜிபி இடமும். டேட்டா பக்கேஜை எண்ணி எண்ணிப் பாவிக்கும் வீட்டில் அந்த 130 ஜிபி சிறிய விஷயமில்லை. டார்க் சோல்ஸ் ரிமாஸ்டர்ட் 6 ஜிபி ரேமோடு, 8 ஜிபி இடத்தில் அடங்கிவிடும். ஹொலோ நைட் இரட்டைப் பரிமாணக் கேம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதன் பாணி வேறு என்றாலும் இழப்பு, ஓய்விடம், அடியைப் படித்தல் எல்லாம் அதே பாடம்.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். இங்கே பல வீடுகளில் இருப்பது கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த இயந்திரமும் டிஸ்க்கும். பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால் ஏதோ ஒரு நாட்டைத் தெரிந்து கணக்குத் திறந்திருப்பார்கள். டிஸ்க் எந்த நாட்டினது என்றாலும் ஓடும். ஆனால் மேலதிகப் பகுதி அப்படியல்ல, அது டிஸ்க்கின் பிராந்தியத்தோடு பொருந்த வேண்டும். லண்டன் டிஸ்க்கை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கணக்கில் ஷடோ ஒஃப் தி எர்ட்ட்ரீயை வாங்கினால், காசு போகும், பகுதி திறக்காது. வாங்க முதல் டிஸ்க் பெட்டியையும் கணக்கின் நாட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்சாரம் போனால்? இந்தக் கேம்கள் அடிக்கடி தாமாகவே பதிந்துகொள்ளும், அதனால் இழப்பு சில நிமிடம்தான். எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் கரண்ட் போனால் சேவ் ஃபைல் கெட்டுப்போகலாம். கணினியில் விளையாடுகிறவர்கள் அந்த சேவ் ஃபைல் உள்ள ஃபோல்டரை இடைக்கிடை வேறிடத்தில் பிரதி எடுத்து வைப்பது நல்லது.

## அப்ப, எதில் தொடங்குவது

1. கணினி ஈடுகொடுக்கும், நேரமும் இருக்கிறது என்றால்: எல்டன் ரிங்.
2. தொலையாமல், ஒரு முடிவு தெரிகிற கேம் வேண்டும் என்றால்: லைஸ் ஒஃப் பீ, கஷ்டத்தைக் குறைத்துவைத்து.
3. கணினி பழையது என்றால்: டார்க் சோல்ஸ் ரிமாஸ்டர்ட். அதுவும் ஓடாவிட்டால் ஹொலோ நைட். அதன் தொடர்ச்சியான சில்க்சோங்கை அதன் பிறகு.
4. கொன்ட்ரோலரே புதிது என்றால்: ஃபோலன் ஓர்டர். தட்டிவிடும் பழக்கம் வந்ததும் கஷ்டத்தை ஒரு படி கூட்டலாம்.

## எல்டன் ரிங்கில் முதல் சில மணிநேரம்

முதலாவதைத் தெரிவுசெய்தவர்களே அதிகம் இருப்பார்கள் என்பதால் இதை மட்டும் விரித்துச் சொல்லலாம்.

தொடக்கத்தில் வாள் பிடிக்கிறவருக்கு 'வாகபொண்ட்', மாயம் விரும்புகிறவருக்கு 'அஸ்ட்ரோலொஜர்'. வெளியே வந்ததும் குதிரையில் உலாவும் பொன்னிறக் கவசக்காரனோடு மோதாதீர்கள். அவனை விட்டுச் சுற்றிப் போகலாம் என்று கற்பிக்கவே அவனை அங்கே வைத்திருக்கிறார்கள். கேட்ஃபிரண்ட் இடிபாடுவரை வழியில் உள்ள ஒளிகளில் இருந்தால் மெலினா என்ற பெண் வந்து குதிரையையும் லெவல் ஏற்றும் வசதியையும் தருவாள். பிறகு முதல் ஒளிக்கு அருகே இருந்த எல்லே தேவாலயத்துக்கு ஒருக்கால் திரும்பிப் போங்கள். அங்கே ரென்னா என்பவள் ஆவிகளை அழைக்கும் மணியும் மூன்று ஓநாய்களும் தருவாள். இதைத் தவறவிட்டு, துணையே இல்லாமல் பாதிக் கேமை ஓட்டியவர்கள் ஏராளம்.

லெவல் ஏற்றும்போது முதலில் 'விகர்'. அதுதான் உயிரின் அளவு. புதியவர்கள் வலிமையில் போட்டு அடியைக் கூட்டப் பார்ப்பார்கள், ஆனால் அடியைக் கூட்டுவது பெரும்பாலும் ஆயுத மெருகேற்றல்தான், அதற்கு வேண்டிய கற்கள் தொடக்கப் பகுதியான லிம்கிரேவின் சுரங்கத்தில் கிடக்கின்றன. எல்லே தேவாலயத்து மேசையிலேயே மூன்று படிவரை ஏற்றலாம். ஆயுதமும் கவசமும் சேர்ந்த பாரம், தாங்கக்கூடிய அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், அதைத் தாண்டினால் உருளல் மந்தமாகிவிடும்.

மார்கிட்டிடம் போக முன் தெற்கே 'வீப்பிங் பெனின்சுலா' என்ற பகுதியைச் சுற்றிவாருங்கள். அங்கே மூன்று தேவாலயங்களில் மருந்தின் வீரியத்தைக் கூட்டும் கண்ணீர்த் துளிகள் உண்டு. திரும்பி வந்து மார்கிட்டின் வாசலில் தரையில் மின்னும் பொன் எழுத்தைத் தொட்டால் ரோஜியர் என்ற மாயக்காரன் துணைக்கு வருவான், இணையம் தேவையில்லை. அவனும் ஓநாய்களும் அடிவாங்கும் நேரத்தில் மருந்து குடிக்கவும் முதுகில் வெட்டவும் போதிய அவகாசம் கிடைக்கும்.

மார்கிட் விழுந்ததும் கோட்டை வாசலில் கொஸ்டொக் என்றொருவன், பெரிய வாசலைத் திறக்கவா, அல்லது பக்கத்துச் சுவர் உடைவால் போகிறீரா என்று கேட்பான். பக்க வழியால் போங்கள். பெரிய வாசலுக்குள் பார அம்பு எறியும் பொறிகள் குறிவைத்துக் காத்திருக்கும். அவன் சொல்லும் யோசனை சரிதான், ஆனால் ஆளை நம்பக்கூடாது: அந்தக் கோட்டைக்குள் நீங்கள் செத்தால் உங்கள் சேமிப்பில் ஒரு பங்கை எடுத்து மடியில் கட்டுகிறவன் அவன்தான்.